பன்னிரண்டு பேர், ஒரே ஓடிஜி: பாலிமர் கிளே மணி வகுப்பு நடத்த முழுமையான வழிகாட்டி

பாலிமர் கிளேயில் மணி செய்வதைத் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஒரு மதியம் போதும். அதையே பன்னிரண்டு பேருக்கு ஒரே அறையில், ஒரே ஓடிஜியை (மேசைமேல் வைக்கும் சின்ன மின் அடுப்பை) வைத்துக்கொண்டு, மூன்றரை மணி நேரத்தில் சொல்லித்தந்து, ஆளுக்கொரு மாலையோ பிரேஸ்லெட்டோ கையில் கொடுத்து அனுப்ப வேண்டும் என்றால் அது வேறு வேலை. அதில் கைத்திறன் பாதி, அடுப்பு நிர்வாகம் பாதி. வகுப்பு சொதப்புவது டிசைனால் இருக்காது. கிளேயைச் சரியாகப் பிசையாமல் விட்டிருப்பார்கள், வேகவைக்க நேரம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள், இல்லையென்றால் வெந்து வெளியே வந்த மணிகளில் எது யாருடையது என்று தெரியாமல் முழிப்பார்கள். அதனால் இந்த மூன்றையும் கொஞ்சம் விரிவாகவும் மற்றதைச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

குடியிருப்புச் சங்கம், மகளிர் குழு, அலுவலகத் தோழிகள், பள்ளி ஆசிரியர்கள் என்று யாரை வைத்து நடத்தினாலும் இந்த முறை பொருந்தும். சிறுவர்கள் என்றால் எட்டு வயதுக்கு மேல் இருக்கட்டும். பிளேடு வேலையும் அடுப்பு வேலையும் பெரியவர்கள் கையிலேயே இருக்கட்டும்.

எந்தக் கிளே?

நம் ஊரில் கடைக்காரரிடம் ‘கிளே’ என்று கேட்டால் டெரகோட்டா மண், காற்றில் காயும் ஏர் டிரை கிளே, இரண்டு பசைகளைக் கலந்து கல்லாக்கும் எபாக்சி என்று எதையாவது எடுத்துக் கொடுப்பார். பாலிமர் கிளேயில் மண்ணே கிடையாது, தண்ணீரும் கிடையாது. பிவிசி தூளை எண்ணெய் போன்ற ஒரு இளக்கியில் குழைத்து, நிறமியும் நிரப்புப் பொருளும் சேர்த்தது அது. மேசையில் ஒரு வாரம் கிடந்தாலும் காயாது. சூடு ஏறும்போதுதான் அந்த இளக்கி பிவிசி துகள்களுக்குள் புகுந்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி உறுதியாகின்றன. இது புரிந்துவிட்டால் பின்னால் வரும் விதிகளில் பாதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இந்தப் பொருள் வந்த கதையும் சுவையானது. ஜெர்மனியில் பொம்மை செய்து புகழ்பெற்ற கேத்தே குரூஸேவின் மகள் ஃபிஃபி ரேபிண்டர் உருவாக்கிய கலவையை 1964-இல் எபர்ஹார்டு ஃபாபர் நிறுவனம் வாங்கியது. அதுதான் இன்றைய ஃபிமோ. அமெரிக்காவின் ஸ்கல்பியோ, மின்மாற்றிகளின் சூட்டை வெளியே கடத்துவதற்காக முயன்று பார்த்த ஒரு பொருள். அந்த வேலைக்கு அது சரிப்படவில்லை, கைவினைக்காரர்களுக்கு லாபமாகிவிட்டது.

மணிக்கு ஸ்கல்பி பிரீமோ, ஃபிமோ புரொபஷனல், செர்னிட் மூன்றில் எது கிடைத்தாலும் நல்லது. வெந்தபின் உறுதியாகவும் லேசாக வளையும் தன்மையோடும் இருக்கும். ஸ்கல்பி த்ரீ கைக்கு மென்மையாக இருக்கும், விலையும் குறைவு, ஆனால் மெல்லிய வேலையில் படக்கென்று உடையும். உருண்டை மணிக்கு அது ஓரளவு ஓடும். இலை, இதழ் மாதிரியான தட்டை மணிகளுக்கு வேண்டாம்.

ஒரு வகுப்புக்கு ஒரே பிராண்டு, அதிலும் ஒரே ரகம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஃபிமோ பாக்கெட்டில் 110 டிகிரி செல்சியஸ் என்று இருக்கும், பிரீமோவில் 130, கேட்டோ என்ற பிராண்டில் 150. மூன்றையும் ஒரே தட்டில் வைத்தால் ஒன்று வேகாது, இல்லையென்றால் இன்னொன்று கருகும். “என்கிட்ட வீட்டுல ரெண்டு பாக்கெட் கிடக்கு, எடுத்துட்டு வரட்டுமா?” என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். வேண்டாம் என்று முதல் நாளே குழுவில் போட்டுவிடுங்கள். இந்த வழிகாட்டியில் பிரீமோவுக்கான கணக்கைத்தான் சொல்கிறேன். வேறு பிராண்டு என்றால் பாக்கெட்டில் உள்ள சூட்டையும் நேரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வாங்குவது?

12 மில்லிமீட்டர் உருண்டை மணி ஒன்றுக்குச் சுமார் ஒன்றரை கிராம் கிளே ஆகும். அதாவது 57 கிராம் கட்டி ஒன்றில் முப்பதுக்கு மேல் மணி வரும். பூ டிசைனுக்கான கேன் (உள்ளே பூ ஒளிந்திருக்கும் கிளேத் தண்டு), அதில் வீணாகும் ஓரங்கள், கற்றுக்கொள்ளும்போது கெட்டுப்போகும் மணிகள் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 100 கிராம் என்று போட்டால் தாராளம். பன்னிரண்டு பேருக்கு 21 கட்டி. நிறங்களை நீங்களே தீர்மானியுங்கள்: வெள்ளை ஏழு, கறுப்பு நான்கு, மஞ்சள் மூன்று, மற்றபடி ஒன்றோடொன்று ஒத்துப்போகும் இரண்டு நிறங்கள். பத்து நிறம் வாங்கிக் கொடுத்தால் எல்லோரும் எல்லாவற்றையும் கலப்பார்கள், கடைசியில் மேசையில் மிஞ்சுவது சேற்று நிறம் மட்டும்தான்.

கோடையில் கூரியரில் வரவழைப்பதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். மே மாத வெயிலில் மூடிய வண்டிக்குள் கிடந்த கிளே அரைகுறையாக வெந்து, தொட்டால் பொடிப்பொடியாக உதிரும். கையில் வந்ததும் ஒவ்வொரு கட்டியையும் அழுத்திப் பாருங்கள். ஸ்கூட்டர் டிக்கியிலும், வெயிலில் நிறுத்திய காரிலும் வைக்கவே வேண்டாம்.

மற்ற சாமான்களில் பெரும்பாலானவை வீட்டிலேயே கிடைக்கும். ஆளுக்கொரு சுவர் டைல் வேண்டும். வீடு கட்டியபோது மிஞ்சியதே போதும். வழவழப்பாக இருக்கும், ஜில்லென்றும் இருக்கும். வேகாத கிளே வார்னிஷ் பூசிய மேசையையும் சிலவகைப் பிளாஸ்டிக்கையும் அரித்துவிடும், அதனால் டைல் இல்லாமல் உட்காரவிடாதீர்கள். கிளே தேய்க்க அக்ரிலிக் உருளை அல்லது வழவழப்பான கண்ணாடிக் குப்பி, பல்குச்சி, ஈரத் துடைப்பான், சானிட்டைசர், ஐஸ்கிரீம் குச்சி, பேக்கிங் தாள். கேன் வெட்ட நீளமான மெல்லிய பிளேடு நான்கு பேருக்கு ஒன்று. வெட்டும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டு வையுங்கள். பிளேடின் இரண்டு விளிம்பும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், தலைகீழாகப் பிடித்து விரலை அறுத்துக்கொள்பவர்கள் உண்டு. பாஸ்தா மெஷின் ஒன்று கிடைத்தால் உங்களுக்கு வேலை பாதியாகும், ஆனால் பன்னிரண்டு பேர் அதன் முன் வரிசையில் நிற்கும்படி விடாதீர்கள். அதை நீங்களே முந்தின நாள் பயன்படுத்துவது நல்லது. ஏன் என்று பிசையும் இடத்தில் சொல்கிறேன்.

இரண்டு சாமான்களைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, அடுப்புக்குள் வைக்கும் வெப்பமானி. இன்னொன்று, சைக்கிள் கடையில் கிடைக்கும் ஸ்போக்ஸ் கம்பி, ஆளுக்கு இரண்டு. கம்பியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துக் காயவையுங்கள். அதன் பயன் அடுப்பு வேலையில் தெரியும்.

நேரத்தைப் பின்னாலிருந்து போடுங்கள்

காலை 10 மணிக்குத் தொடங்கி 1.30-க்கு முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடைசி இருபது நிமிடம் கோர்க்க. அதற்கு முன் கால் மணி நேரம் மணிகள் ஆற. அதற்கும் முன் நாற்பது நிமிடம் வேக. ஆகவே இரண்டாவது ஈடு 12.15-க்கு அடுப்புக்குள் போயே ஆக வேண்டும். முதல் ஈடு 11.15-க்கு. இந்த இரண்டு நேரத்தையும் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். யார் மணி முடிந்தாலும் முடியாவிட்டாலும் அந்த நேரத்தில் தட்டு உள்ளே போகும் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டால் மனஸ்தாபம் வராது. முடியாதவருடையது அடுத்த ஈட்டில் போகட்டும்.

முதல் ஈட்டில் ஒற்றை நிற உருண்டைகளும் இரண்டு நிறம் புரண்ட மணிகளும். அவை வேகும் நேரத்தில் பூக்கேன் செய்து, அதை ஒட்டிய மணிகளை இரண்டாவது ஈட்டில் வைக்கிறோம். எளியது முதலில், கடினமானது பிறகு. கை பழகவும் நேரம் கிடைக்கும்.

பிசைதல்

பாக்கெட்டிலிருந்து எடுத்த கிளே பார்ப்பதற்கு மென்மையாகத் தெரிந்தாலும் அப்படியே உருட்டக் கூடாது. கிடங்கில் கிடந்த நாட்களில் இளக்கி ஒரே சீராக இருக்காது. பிசையாமல் செய்த மணி வெந்தபின் நுண்ணிய வெடிப்பு விடும், கை தவறி விழுந்தால் உடையும்.

கட்டியை பிளேடால் அரை சென்டிமீட்டர் வில்லைகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் உள்ளங்கைச் சூட்டில் தட்டையாக்கி, பிறகு ஒன்றாக அடுக்கி உருளையால் தேய்க்க வேண்டும். நீளமாக உருட்டி, இரண்டாக மடித்து, மறுபடி உருட்டி, மறுபடி மடித்து என்று போகட்டும். மடிக்கும்போது மடிப்பு முனையிலிருந்து தேய்த்துக்கொண்டு வந்தால் உள்ளே காற்று சிக்காது. பாஸ்தா மெஷினிலும் அப்படித்தான், மடிப்பு முதலில் உள்ளே போக வேண்டும். உள்ளே மாட்டிய காற்றுக் குமிழ் அடுப்பில் விரிந்து மணியின் மேல் கொப்புளமாகத் தெரியும்.

எப்போது போதும்? ஒரு பட்டையை எடுத்து இரண்டாக மடித்து மடிப்பின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். பிசிறோ வெடிப்போ இல்லாமல் வழவழவென்று வளைந்தால் தயார். இந்த ஒரு சோதனையை வகுப்பில் எல்லோர் கையிலும் செய்து பார்க்க வையுங்கள். நிமிடக் கணக்கு சொல்லாதீர்கள். ஒருவர் கை சூடாக இருக்கும், இன்னொருவருக்கு மூட்டுவலி இருக்கும்.

பிசைவதுதான் வகுப்பின் நேரத்தை அதிகம் தின்னும் வேலை. அதனால் முந்தின நாள் இரவே எல்லாக் கட்டிகளையும் நீங்கள் மெஷினில் ஒருமுறை ஓட்டிப் பட்டைகளாக்கி, பேக்கிங் தாள் இடையே வைத்து அடுக்கிவிட்டால் வகுப்பில் ஐந்து நிமிடம் பிசைந்தாலே போதும். ஆளுக்கொரு நிறத்தை மட்டும் கட்டியாகவே கொடுத்து, முழுதாகப் பிசையவையுங்கள். கற்றுக்கொள்ளத்தானே வந்திருக்கிறார்கள்.

நம் ஊர் வெயிலில் எதிர்ப்பக்கச் சிக்கலும் வரும்: கிளே கூழாகிக் கையில் ஒட்டும். ஏசி இல்லாத அறையென்றால் காலை நேரத்திலேயே வகுப்பை வையுங்கள். அளவுக்கு மீறி இளகிய கிளேயைப் பட்டையாக்கி இரண்டு வெள்ளைத்தாள்களுக்கு இடையே வைத்து, மேலே ஒரு டைலை வைத்து அரை மணி நேரம் விடுங்கள். தாளில் எண்ணெய்க் கறை படரும், கிளே இறுகும். அச்சடித்த தாள் வேண்டாம், மை ஒட்டிக்கொள்ளும். மாறாக, வறண்டு கிடக்கும் கிளேக்கு பேபி ஆயில் ஒரே ஒரு சொட்டு விட்டுப் பிசைந்தால் போதும். இரண்டாவது சொட்டு விடும்முன் யோசியுங்கள்.

அப்புறம் நிற ஒழுங்கு. வெள்ளையை முதலில் தொட வேண்டும், பிறகு மஞ்சள், பிறகு மற்றவை, கடைசியில் சிவப்பும் கறுப்பும். நிறம் மாறும்போதெல்லாம் ஈரத் துடைப்பானால் கையைத் துடைப்பதோடு சானிட்டைசரும் போட்டுத் துடைக்க வேண்டும், சிவப்பு லேசில் போகாது. கம்பளி, பஞ்சு உதிரும் துப்பட்டா, புதுக் கறுப்புச் சட்டை ஆகியவற்றை அன்றைக்குத் தவிர்க்கச் சொல்லுங்கள். வெள்ளைக் கிளேயில் ஒட்டும் நூலிழை ஒவ்வொன்றும் வெந்தபின் பளிச்சென்று தெரியும்.

ஒரே அளவு உருண்டைகள்

மாலையின் அழகு மணியின் அளவில் இருக்கிறது. கண்ணளவில் கிள்ளினால் ஒன்று பட்டாணியாகவும் இன்னொன்று நெல்லிக்காயாகவும் வரும். டைலின் இரண்டு பக்கமும் ஐஸ்கிரீம் குச்சிகளைச் சம உயரத்துக்கு அடுக்கி, நடுவில் கிளேயை வைத்து, உருளை குச்சிகளின் மேல் உருளும்படி தேய்த்தால் பட்டை ஒரே தடிமனில் வரும். அதில் பேனா மூடி போன்ற ஒரே வட்டத்தால் வெட்டினால் ஒவ்வொரு வில்லையும் ஒரே எடை. பெரிய மணிக்கு இரண்டு வில்லை, சிறியதற்கு ஒன்று.

சீடை உருட்டத் தெரிந்த கைக்கு மீதி வேலை தானாக வந்துவிடும். முதலில் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் நன்றாக அழுத்தி உருட்டி, கோடுகள் மறைந்ததும் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். கடைசிச் சுற்றுகளில் கை மணியைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். அழுத்தியபடியே நிறுத்தினால் மேலும் கீழும் தட்டையாகிவிடும். ரேகை பதியாமல் இருக்க நைட்ரைல் கையுறை போடலாம். எனக்கு அது பிடிக்காது. கிளேயின் பக்குவம் விரலுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. ஆறியபின் தேய்த்தாலே ரேகை போய்விடும்.

இரண்டு நிறம் புரண்ட மணிக்கு, இரண்டு நிறக் குச்சிகளைச் சேர்த்து முறுக்கி, மடித்து, மறுபடி முறுக்கி வெட்டிக்கொள்ளுங்கள். மூன்று முறுக்கோடு நிறுத்துங்கள். ஆசைப்பட்டு ஐந்தாவது முறுக்கு போட்டால் இரண்டு நிறமும் கலந்து ஒன்றாகிவிடும்.

துளை

உருட்டி முடித்த உடனே துளை போட்டால் சூடான கிளே நசுங்கி, உருண்டை முட்டையாகும். தட்டோடு குளிர்சாதனப் பெட்டியில் பத்து நிமிடம் வையுங்கள். சாப்பாட்டுப் பொருட்களோடு ஒட்டாமல் மூடி போட்ட தகர டப்பாவில் வைக்கட்டும்.

பல்குச்சியை மணியின் உச்சியில் நிறுத்தி, அழுத்தாமல், துளைக்கருவி சுழல்வது போலத் திருகிக்கொண்டே இறக்க வேண்டும். மணியை இடது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே இறக்கினால் நேராகப் போகும். மறுபக்கத்தில் குச்சியின் நுனி ஒரு சின்னப் புடைப்பாகத் தெரியும் கணம்தான் முக்கியம். அங்கேயே நிறுத்தி, குச்சியை வெளியே எடுத்து, அந்தப் புடைப்பின் நடுவில் குச்சியை வைத்து எதிர்ப்பக்கமிருந்து திருகுங்கள். ஒரே பக்கமாகக் குத்திக் கிழித்தால் வெளிவரும் இடத்தில் பிசிறு கிளம்பி, கோர்க்கும்போது நூலை அறுக்கும். கல்மணிகளுக்கு இரு முனையிலிருந்தும் துளையிட்டு நடுவில் சந்திக்க வைப்பது மிகப் பழைய வழக்கம். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் சூதுபவள மணிகளோடு, வேலை பாதியில் நின்ற மணிகளும் கிடைத்திருக்கின்றன. அந்தக் கைவினைஞர்களுக்குக் கல், நமக்கு வெண்ணெய் மாதிரி இளகிய கிளே. குறை சொல்ல நமக்கு வாயில்லை.

வெந்தபின் கைத்துளைக்கருவியால் துளை போடுவதும் ஒரு முறை. உருண்டை கெடாது, துளை சுத்தமாக இருக்கும். ஆனால் பன்னிரண்டு பேர் வகுப்பில் அதற்கு நேரம் போதாது.

இப்போது ஸ்போக்ஸ் கம்பி. துளையிட்ட மணிகளை, ஒன்றோடொன்று தொடாமல் சிறு இடைவெளி விட்டு, கம்பியில் கோர்க்கச் சொல்லுங்கள். கம்பியின் வளைந்த தலை ஒரு பக்கம் தடுப்பாக இருக்கும். மரை உள்ள முனை துளையின் உட்பக்கத்தை லேசாகச் சுரண்டும், வெளியே தெரியாது. சமையலறை அலுமினியத் தாளில் சிறு பட்டை கிழித்து, நான்காக மடித்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் பெயரை அழுத்தி எழுதி, வளைந்த தலையில் சுற்றிவிட்டால் வேலை முடிந்தது. காகிதச் சீட்டு அடுப்பில் சுருளும், மை மங்கும். அலுமினியத்தில் அழுத்திய எழுத்து அப்படியே இருக்கும். கம்பியின் இரு முனைகளும் தட்டின் விளிம்புகளில் உட்கார, மணிகள் அந்தரத்தில் தொங்குவதால் அடிப்பக்கம் தட்டையாவதும் இல்லை. பன்னிரண்டு கம்பிகள் 25 லிட்டருக்கு மேற்பட்ட ஓடிஜியின் தட்டில் அடங்கும். வாங்கும்முன் தட்டின் அகலத்தை அளந்து, கம்பி நீளம் போதுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகவைத்தல்

ஓடிஜியின் குமிழில் 130 என்று வைத்தால் உள்ளே 130 இருக்கும் என்று நம்பாதீர்கள். கம்பிகள் சிவந்து எரிந்து அணைந்து எரியும்போது சூடு ஏறி இறங்கும். வெப்பமானியைத் தட்டு இருக்கும் உயரத்திலேயே வைத்து, வகுப்புக்கு முந்தின நாள் வெறும் அடுப்பை அரை மணி நேரம் ஓட்டி, குமிழில் எந்த இடத்தில் வைத்தால் உள்ளே 130 நிற்கிறது என்று ஸ்டிக்கரில் குறித்துவிடுங்கள். அடியில் இரண்டு டைல்களை வைத்தால் சூட்டைப் பிடித்துவைத்து, ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும்.

வகுப்பு நாளில் 10.55-க்கே அடுப்பைப் போட்டுவிடுங்கள். தட்டை நடு அடுக்கில் வைத்து, மேலே அலுமினியத் தாளைக் கூடாரம்போல மூடுங்கள், மணிகளைத் தொடாதபடி. மேல்கம்பியின் நேர்ச் சூடு பட்டால் வெள்ளை மணிகள் பழுப்பேறும். வெப்பமானி 130-ஐ எட்டியபின் கணக்கைத் தொடங்கி நாற்பது நிமிடம். பாக்கெட்டில் 6 மில்லிமீட்டர் தடிமனுக்கு 30 நிமிடம் என்றிருக்கும். நேரம் கூடினால் கெடுதல் இல்லை, குறைந்தால்தான் ஆபத்து. சூடு விஷயத்தில் கதை நேர்மாறு: கொஞ்சம் குறைந்தால் மறுபடி வேகவைத்துக்கொள்ளலாம், அதிகமானால் திரும்ப வழியில்லை.

175 டிகிரியைத் தாண்டினால் பிவிசி சிதையத் தொடங்கி ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், கண்ணும் தொண்டையும் எரியும். புகையோ கார நெடியோ வந்தால் சுவிட்சை அணைத்து, அடுப்பின் கதவைத் திறக்காமல், அறையின் ஜன்னல்களைத் திறந்து, எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது. சமையலுக்கும் அதே ஓடிஜிதான் என்றால் தட்டைத் தனியாக வைத்துக்கொண்டு, முடிந்தபின் உட்புறத்தைத் துடைத்துவிடுங்கள். நிறைய வகுப்பு எடுப்பவர்கள் பழைய ஓடிஜி ஒன்றை இதற்கென்றே ஒதுக்குவதுதான் நிம்மதி.

மின்சாரம் போனால்? வீட்டு இன்வெர்ட்டர் ஓடிஜியை இழுக்காது. கதவைத் திறக்காமல் விடுங்கள். மின்சாரம் வந்ததும் சூடு 130-ஐ எட்டவைத்து, முழு நாற்பது நிமிடமும் மறுபடி ஓட்டுங்கள். பாலிமர் கிளேயை எத்தனை முறை வேகவைத்தாலும் சூடு மீறாதவரை ஒன்றும் ஆகாது.

ஒவ்வொரு ஈட்டிலும் அதே கிளேயில் 2 மில்லிமீட்டர் தடிமனில் விரல் நீளப் பட்டை ஒன்றையும் தட்டோரம் வையுங்கள். முழுதாக ஆறியபின் அதை வளைத்துப் பாருங்கள். வளைந்து மீண்டால் மணிகளும் வெந்திருக்கும், படக்கென்று முறிந்தால் எல்லாம் மறுபடி உள்ளே. சூடாக இருக்கும்போது வளைத்துப் பார்த்து முடிவு கட்டாதீர்கள், சூட்டில் எல்லாமே வளையும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே மணிகளைக் கம்பியிலேயே ஒருமுறை சுழற்றிவிட்டால் பிறகு சுலபமாகக் கழன்றுவரும்.

பூக்கேன்: மேசைக்கு ஒன்று

முதல் ஈடு வேகும்போது செய்ய வேண்டியது இது. வெனிஸ் அருகே முரானோ தீவின் கண்ணாடி வேலையில் புகழ்பெற்ற முறைதான்: நீளமான தண்டுக்குள் பூ ஒளிந்திருக்கும், எங்கே வெட்டினாலும் அதே பூ. குழுவாகச் செய்ய இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. நான்கு பேர் சேர்ந்து ஒரு தண்டு செய்தால் நான்கு பேருக்கும் வில்லைகள் தாராளமாக வரும்.

ஒருவர் இதழ் நிறத்தில் இரண்டு சென்டிமீட்டர் விட்டத்தில் தண்டு உருட்டட்டும். இன்னொருவர் வெள்ளையில் மெல்லிய பட்டை தேய்த்து அதைச் சுற்றட்டும். விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முட்டி நிற்க வேண்டும். அந்தத் தண்டை உருட்டி நீட்டி, விட்டம் பாதியானதும், ஆறு சம துண்டுகளாக வெட்டுங்கள். மூன்றாமவர் அதே விட்டத்தில், அதே நீளத்தில் மஞ்சள் தண்டு ஒன்று தயார் செய்வார். ஒரே அளவு வட்டங்கள் ஆறு, அதே அளவு வட்டம் ஒன்றைச் சுற்றி இடைவெளியின்றி உட்காரும் என்பதால் மஞ்சளின் அளவு மட்டும் பிசகக் கூடாது. நான்காமவர் கறுப்பில் முக்கோணக் கம்பிகள் ஆறு செய்து, இதழ்களுக்கு வெளிப்பக்கம் உள்ள பள்ளங்களை நிரப்புவார். கடைசியாக முழுவதையும் கறுப்புப் பட்டையால் சுற்றவும்.

இப்போது மூன்று சென்டிமீட்டர் தடிமனில் ஒரு குட்டை உருளை கையில் இருக்கும். எல்லோருக்கும் உடனே டைலில் போட்டு உருட்டத் தோன்றும். உருட்டினால் வெளிப்புறம் மட்டும் நீளும், உள்ளே பூ அப்படியே நிற்கும், முனைகள் குழிந்துவிடும். முதலில் நடுவில் விரல்களால் சுற்றிப் பிடித்து அழுத்தி இடுப்பு போலக் குறுக்குங்கள். பிறகு அங்கிருந்து ஒரு முனைக்கு, அப்புறம் மறுமுனைக்கு, திருப்பித் திருப்பி அழுத்திக்கொண்டே போங்கள். தண்டு மெதுவாக நீளும். கட்டைவிரல் தடிமன் வந்தபிறகு டைலில் லேசாக உருட்டி, இழுத்து, 7 மில்லிமீட்டருக்குக் கொண்டுவரலாம். இரு முனையிலும் ஒரு சென்டிமீட்டர் சிதைந்துதான் இருக்கும், வெட்டி ஒதுக்குங்கள். அந்த முதல் வெட்டில் உள்ளே பூ தெரியும்போது மேசையில் எழும் சத்தத்துக்காகவே இந்த வகுப்பை எடுக்கலாம்.

தண்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு எல்லோரும் டீ குடிக்கட்டும். பத்து நிமிடம் கழித்து, ஒவ்வொரு வெட்டுக்கும் தண்டைக் கால் சுற்று திருப்பிக்கொண்டு ஒரு மில்லிமீட்டர் வில்லைகள் போடுங்கள். திருப்பாமல் வெட்டினால் பூ ஒரு பக்கம் சப்பையாகும்.

மிஞ்சிய சேற்று நிறக் கிளேக்கு இப்போது வேலை வந்துவிட்டது. அதை உருட்டி உள்மணியாக்கி, மேலே வில்லைகளை நெருக்கமாக ஒட்டி, இடைவெளி மூடும்வரை உள்ளங்கையில் மெதுவாக உருட்டுங்கள். ஒரு மணிக்கு ஆறேழு வில்லை பிடிக்கும். துளை, கம்பி, பெயர்ப்பட்டை, 12.15-க்கு அடுப்பு.

தேய்த்தல், கோர்த்தல்

வகுப்பில் தேய்க்க நேரம் இருக்காது. ஒரே ஒரு மணியை நீங்கள் தேய்த்துக் காட்டினால் போதும்: தண்ணீருக்குள் வைத்து 400, 600, 800, 1000 என்று வரிசையாக வாட்டர் பேப்பரால் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து, கடைசியில் பழைய ஜீன்ஸ் துணியால் அழுத்தித் துடைத்தால் மெல்லிய மினுமினுப்பு வரும். உலர்வாகத் தேய்த்தால் தூள் மூக்குக்குள் போகும், அதனால் தண்ணீர் கட்டாயம். பளபளப்பு வேண்டுமென்றால் தண்ணீரில் கரையும் பாலியுரேத்தேன் வார்னிஷ். நெயில் பாலிஷ் பூசினால் அதிலுள்ள கரைப்பான் கிளேயை இளக்கும், மாதக்கணக்கில் பிசுபிசுக்கும்.

கோர்ப்பதற்குக் கியர் வயரும் (மாலை கோர்க்கும் மெல்லிய கம்பி) அதன் முனையை நசுக்கிப் பிடிக்கும் கியர் லாக்கும் மாலைக்கு, எலாஸ்டிக் நூல் பிரேஸ்லெட்டுக்கு. ஸ்போக்ஸ் போட்ட துளை கொஞ்சம் பெரியதாக இருப்பதால், மெல்லிய வயரில் மணி ஆடும். இடையிடையே சின்னப் பாசிமணியோ உலோக வளையமோ போட்டால் நிற்கும், அல்லது மெழுகு பூசிய பருத்திக் கயிற்றில் கோர்த்து மணிக்கு இரு பக்கமும் முடிச்சு போடலாம். இந்த இருபது நிமிடத்தில் நீங்கள் பெரிதாகப் பேச வேண்டியதில்லை. எல்லோரும் ஒருவர் மணியை ஒருவர் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்ப

மிஞ்சிய கேனையும் கிளேயையும் பேக்கிங் தாளில் சுற்றி ஜிப் லாக் கவரில் போட்டுக் கொடுங்கள். இனிப்புக் கடையில் தரும், கண்ணாடி போலக் கெட்டியாக இருந்து லேசில் உடையும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் கிளே அதை உருக்கி ஒட்டிக்கொள்ளும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று அச்சிட்ட டப்பா பரவாயில்லை. வீட்டில் ஓடிஜி இல்லாதவர்கள் மணிகளை மட்டும் செய்து, கம்பியில் கோர்த்து, தூசி படாமல் மூடி வைத்திருந்து அடுத்த வகுப்புக்குக் கொண்டுவரலாம். நிழலில் இருந்தால் மாதக்கணக்கில் கெடாது. வரும்போது பெயர்ப்பட்டையையும் மறக்காமல் சுற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.